போஸ் குடுக்காத படம்

சிவரூபி: குனி. இன்னும் குனி... டேய், கமராவைப் பார்க்காதை எண்டெல்லோ சொன்னனான்!

நிரோஜன்: நான் எங்கை பார்த்தனான்?

சிவரூபி: கடைக்கண்ணாலை பார்த்தனீ. படத்திலை வெங்காயம் களவெடுக்க வந்தவன் மாதிரி நிக்கிறாய்.

நிரோஜன்: என்ர முகமே அப்பிடித்தானக்கா. அதுக்கு நான் என்ன செய்யிறது?

சிவரூபி: மண்ணைப் பார். வேலை செய்யிறவன் மண்ணைத்தான் பார்ப்பான்... ஐயோ, வெங்காயத்தை வெட்டாதை! பக்கத்தாலை விட்டு மண்ணைக் கிளப்பு. பார், ரெண்டைப் பிளந்துபோட்டாய்.

நிரோஜன்: படத்திலை அது தெரியப்போகுதோ?

சிவரூபி: தெரியும். உனக்குப் பேசுற தர்சினியின்ர தேப்பன் பக்கத்து ஊர்ச் சரவணை ஆள், வெங்காயம் செய்த மனிசன். கனடாவுக்குப் போய் முப்பது வருசமெண்டாலும் படத்தைப் பெருப்பிச்சு முதல் வெங்காயத்தைத்தான் பார்ப்பார். மாப்பிளையைப் பிறகுதான்.

நிரோஜன்: அப்ப வெங்காயத்தை மட்டும் எடுத்து அனுப்பன். என்னை ஏன் உச்சி வெய்யிலுக்கை...

சிவரூபி: உச்சி வெய்யிலோ? வெய்யில் சாய்ஞ்சு போச்சு. நீ எழும்பினதே மத்தியானச் சாப்பாட்டுக்கு.

நிரோஜன்: கொழும்பிலை ஹோட்டலிலை ஆறு வருசம் இரவு வேலை செய்தவனுக்கு மத்தியானம் எண்டா விடியப்புறம். உடம்பு அப்பிடிப் பழகிப்போச்சு.

சிவரூபி: வேலையை விட்டிட்டு வந்து வருசம் ஒண்டாகுது. உடம்புக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லையோ?

நிரோஜன்: ...அக்கா, உண்மையைச் சொல்லு. அவள் என்னதான் கேட்டவள்?

சிவரூபி: எத்தினை தரமடா சொல்லுறது? ஊரடங்கிலை இவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்யிறார் எண்டு, நாளுக்கு ஒரு படம். போஸ் குடுக்காத படம். அதைப் பார்த்துத்தான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவாவாம்.

நிரோஜன்: ஸ்ரூடியோவிலை கோட்டுப் போட்டு எடுத்த படம் அனுப்பினதுதானே?

சிவரூபி: அதைப் பார்த்துத்தான் இதைக் கேட்டவ. கோட்டு நல்ல கோட்டாம், ஆளைத்தான் தெரியேல்லையாம். 'இவர் சும்மா இருக்கேக்கை எப்பிடி இருப்பார்?' எண்டா.

நிரோஜன்: சும்மா இருக்கேக்கை சும்மாதான் இருப்பன். அதை எடு.

சிவரூபி: எடுத்தா ஒவ்வொரு நாளும் ஒரே படம்தான். தலை மட்டும் ஒருக்கா வடக்கை இருக்கும், ஒருக்காத் தெற்கை இருக்கும். ஆர் ஓம் எண்டுவினம்? ம்... அந்தப் பாத்திக்குப் போ. இதிலை உன்ர நிழல் விழுகுது.

நிரோஜன்: இதிலை இன்னும் பாதி கிடக்கு.

சிவரூபி: அப்ப இந்தப் பாதியை முடிச்சிட்டுப் போ. பாதியிலை விட்ட பாத்தி பின்னாலை தெரிஞ்சா அந்தாள் என்ன நினைக்கும்?

நிரோஜன்: அவள் அனுப்புறது மட்டும் பெரிய திறமோ? நேற்றைக்கு என்ன வந்தது? கழுவாத கோப்பை.

சிவரூபி: வயசுபோனாக்களைப் பார்க்கிற இடத்திலை வேலை. அங்கை கொரோனா வருத்தம் எண்டு ரெண்டு நேர வேலையும் ஒண்டாச் செய்துபோட்டு வந்து, கோப்பை கழுவ அலுப்பிலை பஞ்சிப்பட்டு அப்பிடியே எடுத்து அனுப்பினவவாம். அம்மா பார்த்திட்டு, 'பிள்ளை மறைக்கத் தெரியாத பிள்ளை' எண்டா.

நிரோஜன்: நான் கோப்பை கழுவாட்டி அம்மா எருமை எண்டிறா.

சிவரூபி: நீ கோப்பை கழுவாதது ஒரு நாள் இல்லையே. பிறந்த நாளிலை இருந்து... முந்தநாள் அனுப்பினது நல்ல படம். ஒரு சனமும் இல்லாத பஸ். சீற்றுக்குக் கீழை அவவின்ர சப்பாத்து மட்டும்.

நிரோஜன்: அது அவளின்ர இல்லை. கூட வேலை செய்யிற பிள்ளையின்ர. இவளின்ரது பிய்ஞ்சு போச்சு.

சிவரூபி: உனக்கெப்பிடித் தெரியும்?

நிரோஜன்: ...பார்த்தாத் தெரியுதுதானே. கால் அளவு.

சிவரூபி: கால் அளவு. ம்.

நிரோஜன்: என்ன ம்?

சிவரூபி: ஒண்டுமில்லை. கிண்டு. மண்டைதீவுப் பக்கம் வானம் கறுக்குது பார்.

நிரோஜன்: மழை வந்தா படம் வடிவா வராதோ?

சிவரூபி: படமோ! வெங்காயம் முத்தித் தாள் எல்லாம் படுத்திட்டுது. இந்த நேரம் ஒரு நல்ல மழை விழுந்தாப் போதும், மண்ணுக்கை இருந்தே அழுகிப்போகும். பிறகு இந்த வருசம் அம்மாவும் நானும் பொரிச்சுத் தின்ன மண்தான்.

நிரோஜன்: வழமையா வாற ஆக்களைக் கூப்பிடன்.

சிவரூபி: எதாலை வருவினம்? சந்திக்குச் சந்தி பொலிஸ். ஊர்காவற்றுறையாலை வாற பெண்டுகள் ரெண்டு பேர் போன கிழமை தோட்டத்துக்காலை வரப் பார்க்க, பொலிஸ் பிடிச்சு வெய்யிலுக்கை முழங்காலிலை இருத்திப்போட்டு விட்டவங்கள். இனிக் காசு குடுத்தாலும் வராயினம்.

நிரோஜன்: ம்.

சிவரூபி: நெத்தியைத் துடை. இல்லை, துடைக்காதை. வேர்வை இருக்கட்டும். இதுதான் இயற்கை.

நிரோஜன்: வேர்வை வாற அளவுக்கு வேலை செய்விச்சுப்போட்டு இயற்கையாம்.

சிவரூபி: பொய் வேர்வையெண்டா கண்டுபிடிச்சிடுவினம். தண்ணி தெளிச்சா மேலை இருந்து கீழை ஓடும். இது உள்ளை இருந்து வரும்.

நிரோஜன்: உனக்குப் படமெடுக்க ஆர் பழக்கினது?

சிவரூபி: ஊரடங்குதான். வேறை என்ன வேலை? இந்தா, பாத்தியை மிதிச்சுக் கிட்ட வராமல் அங்கை நிண்டே பார். இது முதல் கிழமை, கிணறு இறைக்கிறாய்.

நிரோஜன்: ஒரு படத்துக்குக் கிணறு முழுக்க இறைப்பிச்சாய்.

சிவரூபி: மேல் தண்ணியிலை ஊத்தை. அடித் தண்ணியிலைதான் முகம் தெளிவாத் தெரிஞ்சுது.

நிரோஜன்: பிறகு வேலி. மேற்கு வேலி முழுக்க ஓலை கட்டி, முடிச்சுப் போட்டு, கையைக் கழுவ எழும்பேக்கைதான் எடுத்தனீ.

சிவரூபி: அது வரைக்கும் உன்ர முகத்திலை வேலை செய்யிறவன்ர களை வரேல்லை. பொறுத்துத்தானே எடுக்கோணும்.

நிரோஜன்: மாட்டுக் கொட்டில்?

சிவரூபி: அது நல்ல படம்.

நிரோஜன்: கலியாணம் பேசுற பொம்பிளைக்குச் சாணி அள்ளுற படமோ, அக்கா? உலகத்திலை ஆரும் அனுப்பியிருப்பினமோ?

சிவரூபி: அவ சிரிச்ச முகம் வரிசையா அனுப்பினவ. கண்ணிலை தண்ணி வாறதும் சேர்த்து.

நிரோஜன்: அது சாணியைப் பார்த்துச் சிரிச்சதோ, என்னைப் பார்த்துச் சிரிச்சதோ?

சிவரூபி: ரெண்டும் ஒரே படத்திலைதானே நிண்டது.

வல்லிபுரம்: பிள்ளை! சிவரூபி! வேலிக்கு இஞ்சாலை நிண்டு கேக்கிறன்... ஆரது தோட்டத்துக்கை? கூலிக்கு ஆள் பிடிச்சிட்டியோ? சொல்லு பிள்ளை, எனக்கும் மிளகாய் கிடக்கு.

சிவரூபி: கூலி இல்லை, வல்லிபுரமண்ணை. எங்கட நிரோஜன்.

வல்லிபுரம்: ஆர்?

சிவரூபி: நிரோஜன், அண்ணை.

வல்லிபுரம்: நிக்கிறானோ, படுத்திருக்கிறானோ?

நிரோஜன்: நிக்கிறன், அண்ணை. வடிவாப் பாருங்கோ.

வல்லிபுரம்: இந்த வருத்தம் உலகத்தையே மாத்திப்போட்டுது எண்டு ரேடியோவிலை சொல்லேக்கை நான் நம்பேல்லை, தம்பி. இண்டைக்கு நம்புறன்... கையிலை என்ன பிள்ளை, போனோ? படம் எடுக்கிறியோ?

சிவரூபி: ஓமண்ணை. ஊரடங்கிலை நாங்கள் என்ன செய்யிறம் எண்டு.

வல்லிபுரம்: என்னையும் ஒண்டு எடன். டென்மார்க்கிலை கோசலா அழுதுகொண்டு நிக்கிறாள், அப்பா மெலிஞ்சு போனியள் எண்டு. வீடியோவிலை வந்தா என்ர மூக்கு மட்டும்தான் தெரியுதாம்.

சிவரூபி: வாங்கோ அண்ணை. அந்த வேலிக் கடப்பாலை வாங்கோ, ரெண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கோ.

வல்லிபுரம்: நில்லு பிள்ளை, சேட்டு மாத்திக்கொண்டு வாறன்.

சிவரூபி: அண்ணை, சும்மா நிக்கிற படம்தான்... அண்ணை!

நிரோஜன்: போட்டார். இனிப் பௌடரும் பூசிக்கொண்டுதான் வருவார்.

சிவரூபி: நீ உன்ர வேலையைப் பார். அங்காலைப் பாத்தி. அதிலை வெளிச்சம் நல்லா விழுகுது.

நிரோஜன்: முகில் மூடிக் கிடக்கு. எந்த வெளிச்சம்?

சிவரூபி: முகில் வெளிச்சம். அதுதான் திறம்.

நிரோஜன்: அக்கா, அவள் இல்லையெண்டு சொன்னா என்ன செய்வாய்?

சிவரூபி: ஏன் சொல்லுறா?

நிரோஜன்: வேலை இல்லாதவன். படிப்பைப் பாதியிலை விட்டவன். ஹோட்டலையும் விட்டவன். ஆந்தை மாதிரி இரவிலை முழிச்சிருக்கிறவன். ஆர் ஓம் எண்டுவா?

சிவரூபி: ...உன்ர வாயாலை இதைக் கேக்க இவ்வளவு நாள் எடுத்துது. குனி. இப்ப முகம் நல்லா இருக்கு.

நிரோஜன்: இதையும் எடுத்தியோ!

சிவரூபி: கவலையும் இயற்கைதானே.

வல்லிபுரம்: வந்திட்டன், பிள்ளை! சரியோ பார்.

சிவரூபி: அண்ணை... இது கோசலாவின்ர கலியாணத்துக்குப் போட்ட பட்டுச் சேட்டெல்லோ?

வல்லிபுரம்: அவள் பார்த்தவுடன பிடிச்சிடுவாள். மணிக்கூடும் கட்டினனான். ஓடேல்லை, ஆனா படத்திலை ஓடுறது தெரியாதுதானே.

நிரோஜன்: திருநீறு கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணை.

வல்லிபுரம்: அது பௌடரடா, தம்பி.

சிவரூபி: முகக்கவசத்தைக் கழட்டுங்கோ, அண்ணை.

வல்லிபுரம்: கழட்டினா றோட்டாலை போற பொலிஸ் பிடிப்பான்.

சிவரூபி: போட்டா கோசலா இது ஆரெண்டு கேப்பாள்.

வல்லிபுரம்: அப்ப ஒரு காதிலை தொங்கட்டும். சட்டத்துக்கும் மரியாதை, பிள்ளைக்கும் முகம்... இப்பிடி நிக்கட்டோ? கையைக் கட்டட்டோ?

சிவரூபி: கையைக் கட்டினா செத்தவீட்டு நோட்டீசிலை போடுற படம் மாதிரி இருக்கும். வேலை செய்யுங்கோ. இந்தக் கடகத்தைத் தூக்குற மாதிரி...

வல்லிபுரம்: இது முட்ட வெங்காயம் கிடக்கு, பிள்ளை.

சிவரூபி: வெறுங் கடகத்தைத் தூக்கினா முகத்திலை பாரம் தெரியாதண்ணை. கோசலா, அப்பா நடிக்கிறார் எண்டு சொல்லுவாள்.

வல்லிபுரம்: அது உண்மை. அவள் சின்னனிலை இருந்தே சந்தேகக்காரி... ஹ்ம்! தூக்கிட்டன். எடு, எடு.

சிவரூபி: அப்பிடியே வெங்காயக் கொட்டிலுக்கு நடவுங்கோ. நடக்கேக்கை எடுத்தாத்தான் உயிர் இருக்கும்... ஆ, நல்லம். கொட்டிலுக்கை கொட்டிப்போட்டு வாங்கோ, மற்றப் பக்கத்தாலை ஒண்டு.

நிரோஜன்: அக்கா.

சிவரூபி: என்ன?

நிரோஜன்: அறுபத்தைஞ்சு வயசு மனிசன்.

சிவரூபி: இளந்தாரிப் பொடியன் மாதிரித் தூக்கினார், நீ பார்க்கேல்லையோ?

வல்லிபுரம்: வந்திட்டன்! பிள்ளை, அந்தப் படம் எனக்குப் பிடிக்காது. சேட்டிலை மண் பட்டிட்டுது. நில்லு, மற்றச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஓடியாறன்.

சிவரூபி: ஓமண்ணை, ஆறுதலா வாங்கோ. கடகம் ஒண்டும் ஓடாது.

நிரோஜன்: நீ பேய்க்காய்தான், அக்கா. பெரிய தந்திரக்காரி.

சிவரூபி: நான் என்ன செய்தனான்? கேட்டவருக்குப் படம் எடுக்கிறன். நீ கையை நிப்பாட்டாதை.

நிரோஜன்: நிப்பாட்டேல்லை... தள்ளு. காலை எடு. உந்தப் பாத்தியையும் கிண்டிறன்.

சிவரூபி: உதிலை வேண்டாம், உதிலை பின்னாலை கக்கூசு தெரியுது.

நிரோஜன்: பரவாயில்லை.

சிவரூபி: சரி... அப்ப நான் குனிஞ்சு எடுக்கிறன்.

வல்லிபுரம்: இந்தா வந்திட்டன். கோடு போட்ட சேட்டு. இது எப்பிடி?

சிவரூபி: கடகத்தோடை இன்னும் எடுப்பா இருக்கும், அண்ணை.

வல்லிபுரம்: தா... ஹ்ம்! இது முந்தினதிலும் பாரம். தம்பி, நீ நல்லாத்தான் கிண்டிறாய். ஆனா உனக்கு இனி ஏன்ரா இதெல்லாம்? பிளேனை விட்டவுடன நீ பறக்கிறதுதானே, அங்காலை எல்லாம் முடிஞ்சு...

சிவரூபி: அண்ணை! காலுக்கை வெங்காயம்!

வல்லிபுரம்: எங்கை? எங்கை?

சிவரூபி: பார்த்து, பார்த்து... அந்தப் பக்கத்தாலை நடவுங்கோ. பேசாமல் நடவுங்கோ, அண்ணை. வாய் திறந்திருந்தா படம் கெட்டுப்போகும்.

வல்லிபுரம்: ஓம், ஓம். மூடிட்டன்.

நிரோஜன்: அவர் என்ன சொல்ல வந்தவர்?

சிவரூபி: ஆருக்குத் தெரியும்? பாரத்திலை மூளைக்கு ரத்தம் போகாமல் ஏதோ கதைக்கிறார்.

வல்லிபுரம்: கொட்டிட்டன், பிள்ளை. இன்னும் நாலு கடகம் கிடக்கு, அதுகளையும் படம் எடுக்கிறியோ? எடுக்காட்டியும் பரவாயில்லை, வந்ததுக்கு வைச்சிட்டுப் போறன்... இந்தா... இந்தா. நாளைக்கும் எடுப்பியோ?

சிவரூபி: நாளைக்கு வெங்காயத்தைப் பிடி பிடியாக் கட்டித் தொங்கவிடுற படம், அண்ணை. விடியவே வாங்கோ.

வல்லிபுரம்: வேட்டியோடை வாறன். வரட்டே, தம்பி. நித்திரை கொள்ளு, ஆனா இப்பிடி இடைக்கிடை எழும்பு.

நிரோஜன்: ஓமண்ணை... போட்டார்.

சிவரூபி: நல்ல மனிசன். அங்காலைப் பாத்தியிலை ஒண்டு எடுப்பமோ? கடைசிக்கு முதல் பாத்தி. முகத்தை இஞ்சாலை திருப்பு... ஆ... கிளிக்.

நிரோஜன்: அக்கா.

சிவரூபி: ஆடாதை. கிளிக்.

நிரோஜன்: அந்தக் கிளிக் உன்ர வாயாலை வருது.

சிவரூபி: ...என்ன?

நிரோஜன்: போன் செத்துப்போச்சு, அக்கா.

சிவரூபி: ஆர் சொன்னது? இந்தா, எடுத்துக்கொண்டுதானே...

நிரோஜன்: நீ கையை இறக்கேக்கை திரை இஞ்சாலை திரும்புது, கறுத்துப்போய்க் கிடக்கு. அதுக்குள்ளை என்ர முகம் தெரியுது, இஞ்சை இருந்தே.

சிவரூபி: ...எப்ப கண்டனீ?

நிரோஜன்: வல்லிபுரமண்ணை கோடு போட்ட சேட்டு மாத்தப் போகேக்கை.

சிவரூபி: அதுக்குப் பிறகு எத்தினை பாத்தி கிண்டிப்போட்டாய்.

நிரோஜன்: ஓம்.

சிவரூபி: கண்டிட்டு ஏன் பேசாமல் கிண்டினனீ?

நிரோஜன்: முதல் நீ சொல்லு. படமே இல்லாமல் என்னை ஏன் கிண்ட விட்டனீ?

சிவரூபி: மண்வெட்டியைக் கீழை வை. பிறகு சொல்லுறன்.

நிரோஜன்: வைச்சிட்டன்.

சிவரூபி: இன்னும் தள்ளி வை... சரி. தர்சினி ஓம் எண்டிட்டா.

நிரோஜன்: எப்ப?

சிவரூபி: நீ கிணறு இறைச்ச அண்டைக்கு. அந்தப் படம் ஒண்டுதான் அவ கேட்டது. பார்த்திட்டு உடன சொல்லிப்போட்டா. தேப்பனும் ஓம், தாயும் ஓம்.

நிரோஜன்: அம்மாவுக்குத் தெரியுமோ?

சிவரூபி: தெரியும்.

நிரோஜன்: வல்லிபுரமண்ணைக்கு?

சிவரூபி: வேலணை ஊர் முழுக்கத் தெரியும். உனக்குத்தான் சொல்லேல்லை.

நிரோஜன்: அப்ப நாளுக்கு ஒரு படம் எண்டது?

சிவரூபி: நான்தான் கேக்கச் சொன்னனான். 'மச்சாள், தயவுசெய்து ஒவ்வொரு நாளும் ஒண்டு கேளும். கூலிக்கு ஆளில்லை, அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, வேலி விழுந்து கிடக்கு, வெங்காயம் முத்தி நிக்குது. வீட்டிலை ஒரு ஆம்பிளை இருக்கிறான், அவன் உமக்காகத்தான் எழும்புவான்' எண்டனான். அவ சிரிச்சுப்போட்டு ஓம் எண்டா... ஏசன்ரா.

நிரோஜன்: ஏச ஒண்டுமில்லை.

சிவரூபி: நானெண்டா அந்த மண்வெட்டியைத் தூக்கி எறிஞ்சிருப்பன்.

நிரோஜன்: எனக்குத் தெரியும், அக்கா.

சிவரூபி: என்ன தெரியும்?

நிரோஜன்: அவள் ஓம் எண்டது. நீ கேக்கச் சொன்னது. எல்லாம். அண்டைக்கு இரவே அவள் சொல்லிப்போட்டாள். இஞ்சை இரவெண்டா அங்கை பகல்தானே. ஒவ்வொரு நாளும் கதைக்கிறனாங்கள்.

சிவரூபி: அடேய்! ...அப்ப வேலி? மாட்டுக் கொட்டில்? இண்டைக்கு இந்த வெங்காயம்? எல்லாம் தெரிஞ்சுகொண்டே செய்தனீயோ?

நிரோஜன்: ஓம்.

சிவரூபி: ஏன்ரா?

நிரோஜன்: நீ நேர வந்து, 'தம்பி, வெங்காயம் கிண்ட வா' எண்டு கேட்டிருந்தா நான் ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பன், அக்கா. என்னை எனக்குத் தெரியும். பிறகு நீ தனியக் கிண்டியிருப்பாய்.